வாத்து நடை போட்ட ஆடுகள்

விளையாடிப் பார்த்துத் தப்பு சொல்வதற்குச் சம்பளம் என்றால் எங்கள் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். கைப்பேசி விளையாட்டு செய்கிற ஆபீஸில் உட்கார்ந்து, ஒரே வரப்பை நாள் முழுக்கத் தாண்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

எஞ்சின் நின்றுபோனது

உத்திரமேரூரில் ஓர் உரக்கடை மாடிதான் எங்கள் ஆபீஸ். முதலாளி முரளி அண்ணனோடு சேர்த்து நான்கே பேர். ஒருநாள் படிக்கட்டில் நின்று போனில், "எஞ்சின் நின்னுபோச்சுண்ணா, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினேன். கீழே நின்றிருந்த கட்டட ஓனர் சாலவாக்கத்து விவசாயி. பம்புசெட்டு என்று நினைத்து, ஸ்பானரும் கையுமாக ஒரு மெக்கானிக்கை மேலே கூட்டிவந்துவிட்டார்.

எஞ்சின் என்றால் விளையாட்டை ஓட வைக்கிற புரோகிராம், அது வெளிநாட்டுக் கம்பெனியுடையது, நாங்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம் என்று சொன்னேன். பெரியவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "மாடி என்னுது, எஞ்சின் எவனுதோ. உங்குளுதுன்னு இன்னாதாம்மா கீது?"

பாக் பாக் பாக்

எங்களுடையது வாத்து. அறுப்பு முடிந்த கழனியிலிருந்து வாத்துக் கூட்டத்தை, ஒன்றுகூடத் தொலையாமல் ஏரிக்கு ஓட்ட வேண்டும், அதுதான் விளையாட்டு. வாத்தைக் கூப்பிடும் குரல் நான். பதிவில் வெளிச்சத்தம் விழாமலிருக்கக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துக் கத்தினேன். வீட்டுக்காரரிடம் ஆசையாகப் போட்டுக் காட்டினால், "என்னைச் சோறு துன்னக் கூப்புட்றதும் இதே குரல்தானே!"

இரண்டாம் பாகம்

சென்னையில் ஒரு கம்பெனி வாத்தை வாங்கி வெளியிட்டது. முரளி அண்ணன் சந்தோஷத்தில் ஒப்பந்தத்தில் காட்டிய எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார். விளையாட்டு நன்றாக ஓடியது. உடனே இரண்டாம் பாகம் ஆரம்பித்தோம்: வாத்துகள் திருமுக்கூடலில் ஆற்றைக் கடக்கும். அதற்காக ஆடி ஆடிப் போகிற புது நடை ஒன்றுக்கு நாங்களே புரோகிராம் எழுதினோம். அது சரியாக வந்த அன்று ஆபீஸே எழுந்து வாத்து மாதிரி நடந்தது! இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பாதி வேலையில் அந்தச் சென்னைக் கம்பெனி மேடம் போன் செய்தார். பெயர், வாத்து, என் குரல் எல்லாம் அவர்களுடையதாம்; இரண்டாம் பாகத்தை வேறு ஆட்கள் செய்கிறார்களாம். இது போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். "எங்க வாத்து மேடம் அது!" என்றார் அண்ணன். மேடம் பொறுமையாகத்தான் சொன்னார்: "சார், நீங்க வாத்தை வாடகைக்கு விடல. வித்துட்டீங்க."

ஆடு

புது நடை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. வாத்துகளைத் தூக்கிவிட்டு அதே நடையை ஆடுகளுக்கு மாட்டினோம். ஆடுகள் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு வரிசையாக ஆற்றில் இறங்கி நீந்தின. தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். "இருக்கட்டும்மா. நீந்துற ஆட்டை எவன் தன்னுதுன்னு கேட்டுக்கினு வரப்போறான்?" என்றார் அண்ணன்.

கடைசியில்

ஆடு எங்கள் பெயரிலேயே வெளிவந்தது. விளையாடியவர்கள் குறைவு. என் மகள் பிறந்த கொஞ்ச நாளில் மாடி காலியானது. அண்ணன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆடு மட்டும் இன்றும் போனில் விளையாட்டு இறக்கும் கடையில் இருக்கிறது. மகள் தூங்கும்போது எடுத்து ஓட்டிப் பார்ப்பேன். போன வாரம் யாரோ அதற்குக் கீழே கருத்து எழுதியிருந்தார்: "ஆட்டுக்கு எவன்யா வாத்து நடை குடுத்தது?"

எஞ்சின் அயலாருக்கு, வாத்து சென்னைக்கு, குரல்கூட வாத்தோடு போயிற்று. அந்தக் கோணல் நடை ஒன்றுதான் எங்கள் சொத்து.