குறட்டை விடாத பொம்பிளை

என் வீட்டுக்காரருக்கு மானம் பெரிது. என் மூச்சைவிடப் பெரிது. இதை அவருடைய முகத்துக்கு நேரே நூறுதரம் சொல்லிவிட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுதியும் வைக்கிறேன்.

இரண்டு வருடமாக எனக்குப் பகலில் நித்திரை. சும்மா கண்ணயர்வது இல்லை. சாம்பல்தீவுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஏழாவது சொல்லுக்கும் எட்டாவது சொல்லுக்கும் நடுவில் கதிரையிலேயே உறங்கிப்போனேன். விழித்தபோது பிள்ளைகள் எல்லோரும் பென்சிலைப் பிடித்தபடி எட்டாவது சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். யன்னலடியில் அதிபர் நின்றார்.

“டீச்சர், இரவில நாடகம் பாக்கிறதைக் கொஞ்சம் குறைச்சால் நல்லது” என்றார்.

நாடகமாம்! ஒன்பது மணிக்கே படுக்கையில் விழுகிறவள் நான். விடிய எழும்பினால் இரவு முழுக்க மா இடித்தவள் போல உடம்பு நோகும், தலை வெடிக்கும். ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்க முன்பே சாய்ந்துவிடுவேன். வீட்டுக்காரரின் தங்கச்சி ஒருநாள் வந்து, “அண்ணிக்குச் சோம்பல் ஏறிப்போச்சு” என்று சிரித்தாள். நாலரைக்கு எழும்பிச் சமைத்துக் கட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்குச் சோம்பலாம். அன்றைக்கு அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமலே அனுப்பினேன்.

காரணம் யார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் படுக்கிற மனிதர்தான். நல்ல நித்திரையில் தோளைப் பிடித்து உலுப்புவார். என்ன என்று கேட்டால், “ஒண்டுமில்லை, திரும்பிப் படும்” என்பார். ஒரு இரவில் எத்தனை தரம்! நானும் அறம்புறமாக ஏசுவேன். துறைமுகத்தில் வேலை செய்கிற அந்த மனிதர், மூன்று வருடத்துக்கு முன் இரவு முறை ஏலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பகல் வேலைக்கு மாறியவர். அதற்கும் ஏசினேன். சோம்பேறி என்று என் வாயாலேயே சொன்னேன்.

கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டரின் மேசைக்குப் பக்கத்திலேயே அடுத்த ஆட்கள் இருக்கிற வாங்கு. ஒருவரின் வருத்தம் மற்ற எல்லோருடைய காதிலும் விழும். அன்றைக்கு அதில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு மனிசி இருந்தா. அவவின் காதில் விழுந்தது அடுத்த பூசைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

டொக்டர் அவரைப் பார்த்து, “இவ குறட்டை விடுறவவோ?” என்று கேட்டார்.

அவர் வாங்குப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “சீச்சீ, இல்லை டொக்டர். சத்தமே இல்லாமல் படுப்பா.”

எனக்கும் உள்ளூரப் பெருமைதான். என் குறட்டை என் காதுக்கு எப்படிக் கேட்கும்? இரத்தம் குறைவாக இருக்கலாம் என்று டொக்டர் குளிசை தந்தார். எட்டு மாதம் விழுங்கினேன். வயிறு கல்லானதுதான் மிச்சம்.

பிறகு ஒருநாள், டவுனில் மகளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிக்கொண்டு பாலையூற்றில் இருக்கிற வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் வெயில் முகத்தில் அடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு மகள் “அம்மா!” என்று கத்தியதுதான். தெருவோரக் கானுக்குள், தண்ணி ஓடுகிற இடத்தில் கிடந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த லொறி எப்படி விலகியதோ, மாதாவுக்குத்தான் தெரியும். மகளின் முழங்கால் கிழிந்து ஆறு தையல்.

“நீங்கள் நித்திரையிலதான் ஸ்கூட்டி ஓடினீங்கள் அம்மா” என்று சொல்லி, வண்டித் திறப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வீட்டு ஹோலில் பாய் போட்டு நான் படுத்திருந்ததைத் தன் போனில் வீடியோ எடுத்துவிட்டு வந்து காட்டினாள்.

சேசுவே! அது பொம்பிளை விடுகிற சத்தமா? ஆனால் அதுகூடப் பெரிதில்லை. சத்தம் சட்டென்று நின்றது. நெஞ்சு எம்பி எம்பிப் பார்க்கிறது, மூச்சு வரவில்லை. அப்போது பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு கை நீண்டு என் தோளைப் பிடித்து உலுப்பியது. நான் விக்கித் திணறி மூச்சை இழுத்தேன். கை திரும்பிப்போய்ப் பேப்பரைப் பிடித்தது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவ்வளவு பழகின கை.

நான் போனைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற குசினிக்குள் போனேன். “எத்தினை வருஷமா இது?”

“மூண்டு வருஷம் இருக்கும்.”

“டொக்டர் கேக்கேக்குள்ள வாயில என்ன கொழுக்கட்டையோ?”

“அந்த மனிசி வாங்கில இருந்தவ. நாளைக்கு உம்மைப் பற்றி ஊர் சிரிக்கும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு.”

“அந்தக் குமர்ப்பிள்ளையைத்தானே கானுக்குள்ள போட்டனான்!” என்று கத்தினேன். கைக்கு எட்டி எடுத்த அகப்பை எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுபடி அதே கிளினிக். வாங்கு நிறையச் சனம். “டொக்டரை வெளியில கூப்பிட்டுச் சொல்லட்டே” என்று அவர் என் காதில் கேட்டார். “இஞ்ச, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ” என்றேன்.

சொன்னார். குறட்டையையும் சொன்னார், மூச்சு நிற்பதையும் தான் உலுப்பி விடுவதையும் சொன்னார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நீங்கள் துறைமுகத்தில இரவு வேலைக்குப் போற நாளில ஆர் பாக்கிறது?”

“நான் போறேல்லை டொக்டர். இதுக்காகத்தான் இரவு முறையை விட்டனான்.”

அவருக்கு ஏசுவதற்கென்று வீட்டிலிருந்தே சேர்த்துக்கொண்டு வந்த சொற்களைப் பஸ்ஸுக்கென்று எடுத்து வைத்தேன். நித்திரையில் மூச்சு அடைபடுகிற வருத்தம் என்றும், மூக்கில் மாட்டிப் படுக்க ஒரு மெசின் இருக்கிறது என்றும், முதலில் கொழும்பில் சோதிக்க வேண்டும் என்றும் டொக்டர் கடிதம் எழுதித் தந்தார். எட்டு மாதத்துக்கு முன் தந்திருக்க வேண்டிய கடிதம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏச்சைத் தொடங்கினேன். இவ்வளவையும் செய்த மனிதருக்கு வாயைத் திறந்து ஒரு ‘ஓம்’ சொல்ல என்ன கேடு? திரும்பிப் பார்த்தால், என் தோளில் தலையைப் போட்டு நித்திரை ஆகிவிட்டார். வாய் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் இறங்க வேண்டிய பாலையூற்றுத் தரிப்பு வந்தது, போனது. நான் உலுப்பவில்லை.