பம்பாய் வெங்காயம்

எழுபதுகளின் கடைசியில் மொன்ட்ரியாலில் உட்கார்ந்துகொண்டு முனைவர் பட்டத்துக்காக நான் ஆராய்ந்தது பக்கத்து வீட்டு விவகாரத்தை. மெட்ராஸ்காரிக்கு இலங்கை பக்கத்து வீடுதானே. இறக்குமதிக்குத் தடை போட்டு வைத்திருந்த அந்தச் சின்ன நாடு கதவைத் திறந்துவிட்டிருந்தது. அதனால் பொருளாதாரம் வளர்ந்ததா என்பது என் கேள்வி. என் பேராசிரியருக்குக் கேள்வியே கிடையாது. வளர்ந்தது என்று அவர் எப்போதோ முடிவுகட்டிவிட்டார். அட்டவணைகளும் அவர் பக்கம்தான் பேசின.

ஓர் இடம் மட்டும் என்னை உறுத்தியது. தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காய விவசாயிகள் தலைநிமிர்ந்து வாழ்ந்தவர்கள். கதவு திறந்தபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் அப்பா வெங்காயம் பயிரிடுபவர். வெங்காயம்தான் தன்னைப் படிக்க வைத்தது என்பார் நண்பர். வெளிநாட்டிலிருந்து வெங்காயம் வந்து இறங்குகிறதா என்று நண்பர் மூலமாக அவர் அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். வெங்காயம் வருவதில்லை என்று பதில் வந்தது. விவசாயிக்குப் பாதிப்பில்லை என்று எழுதிவிட்டேன். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

சில வாரம் கழித்து நண்பரோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். அவர் அங்கே ஒரு காய்கறிக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை செய்தார். பெரிய வெங்காய மூட்டையைக் காட்டி, வெங்காயம் நன்றாக இருக்கிறது, இரண்டு கிலோ போடுங்கள் என்றேன்.

"இது பம்பாய் வெங்காயம் எல்லோ, அக்கா. வெங்காயம் இஞ்சை எங்கை கிடக்கு?" என்றார்.

அவர்கள் ஊரில் வெங்காயம் என்றால் நாம் சொல்லும் சின்ன வெங்காயம். பெரியதற்குப் பெயரே வேறு. "அப்போ அந்தப் பம்பாய் வெங்காயம் உங்க ஊருக்கு வருதா?" என்று கேட்டேன்.

"ஐயா கடிதம் போட்டவர், கப்பல் கப்பலா வருதாம். எங்கட வெங்காயத்தைக் கேக்க ஆளில்லையாம். ஐயா இந்தமுறை நடேல்லை." ஐயா என்றது அப்பாவை. கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "நீங்கள் வெங்காயத்தைத்தானே கேட்டனீங்கள்?"

அவரைக் கோபித்து என்ன பயன்? தமிழச்சியான எனக்கே தமிழ் தெரியவில்லை. வெட்கத்தில் அன்றைக்கே அந்த அத்தியாயத்தைக் கிழித்தேன். நாடு வளர்ந்தது, வெங்காயத் தோட்டம் தரிசானது, இரண்டும் உண்மை என்று புதிதாக எழுதினேன்.

பேராசிரியர் முகம் சுளித்தார். ஒரு விவசாயியின் கடிதம் சான்றாகாது, பழையபடி மாற்றினால்தான் கையெழுத்து என்றார். என் உதவித்தொகையோ அந்த வசந்தத்தோடு முடிகிறது. மொன்ட்ரியாலை ஒட்டிய இல்-பிசார் தீவில் வீடு வாங்கியிருந்த நம்மூர் டாக்டர் ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, முதல்ல பட்டத்தை வாங்கு" என்று சாம்பார் ஊற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெங்காய விவசாயியிடமும் இதைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்.

மறுநாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன்: "பழைய அத்தியாயமும் அதே மனிதர் எழுதின கடிதத்தை வைத்து எழுதியதுதான். உங்களுக்குப் பிடித்ததைச் சொன்னபோது அது சான்றாக இருந்ததே."

அவர் கையெழுத்துப் போடவில்லை. பெரிய வெங்காயம் என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தேன். வேறு பேராசிரியரைத் தேடினேன். தபாலில் வேறு பல விவசாயிகளைக் கேட்டேன், இந்தமுறை இரண்டு வெங்காயத்தையும் தனித்தனியாக. எல்லோரும் அதையேதான் எழுதினார்கள். உதவித்தொகை இல்லாமல் ஒரு முழுக் குளிர்காலம் போனது. ஒரு வரியையும் மாற்றவில்லை.

பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். வீட்டிலிருந்து உதவி நின்றுபோனதால் நண்பர் படிப்பை விட்டுவிட்டு அங்கே முழுநேரமும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தோளில் இருந்தது பம்பாய் வெங்காயம். இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய பக்கத்தை நின்றபடியே வாசித்தார்.

"ரெண்டையும் வேறவேறயா எழுதியிருக்கிறியள்" என்றார்.

"வேறதானே" என்றேன்.