இடம்: ஐ.என்.ஏ. மார்க்கெட் பின்சுவர்

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்தேன். தெருவில் வாழ்பவர்களைப் படமெடுக்க எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். முதல் நாள் கேமரா பையைவிட்டு வெளியே வரக்கூடாது; பேச்சும் டீயும் மட்டும்தான். மறுநாள்தான் படம். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில், பின்சுவரோரம் தமிழ்க்குரல் கேட்டது. லட்சுமி, தர்மபுரிப் பக்கம். புருஷன் முனியப்பனோடு கட்டட வேலைக்கு வந்தவள். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்ததும் மேஸ்திரி அவளைக் கழற்றிவிட்டு, முனியப்பனை மட்டும் வேறு ஊர் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து மாதமாகியிருந்தது.

"இங்கியே இரு, வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு சார். நான் எடம் மாறிட்டா எங்கன்னு தேடுவாரு?"

மறுநாள் தலையை வாரிக்கொண்டு காத்திருந்தாள்.

"பேப்பர்ல வந்தா அவரு பாப்பாரா சார்?"

"படிக்கத் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது. என் மூஞ்சி தெரியுமில்ல?"

ஆபீஸில் போட்டோ எடிட்டர், கும்பகோணத்துக்காரர், படத்துக்குக் கீழே நான் எழுதிய கேப்ஷனைப் பார்த்து முகம் சுளித்தார். "இடத்தை இவ்வளவு விலாவாரியா போடணுமாய்யா?"

"போடணும் சார். அவ புருஷன் பார்க்கணும்."

"சரி, உன் இஷ்டம்."

படம் வந்த மூன்றாம் நாள் போனேன். சுவரோரம் கழுவி விட்டதுபோல் காலியாகக் கிடந்தது. டீக்கடைக்காரர் இந்தியில் சொன்னார்: "பிச்சைக்காரங்களைப் பிடிக்கிற வண்டி வந்தது. எல்லாரையும் ஜல்தி ஜல்தின்னு ஏத்திட்டாங்க, பாபுஜி. வந்த ஆபீசர் கையில உங்க பேப்பர் இருந்தது." லட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு மதராஸி பாஷையில் ஏதோ கத்தினாளாம். அங்கே யாருக்கும் புரியவில்லை. என்ன கத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பிச்சைக்காரர் விடுதிகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். பிரிண்டைக் காட்டினேன். ஒரு குமாஸ்தா, "பாதிப் பேரை ஊருக்கு வெளியே இறக்கிவிட்டாச்சு" என்றான். எந்தப் பக்கம் என்று அவனுக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆபீஸ் வாசலில் முனியப்பன் நின்றான்.

"பக்கோடா மடிச்ச காகிதத்துல அவ மூஞ்சி சார். எழுதியிருந்ததப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு வந்தேன். அங்க இல்லியே. எங்க சார்?"

நடந்ததைச் சொன்னேன். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்ப நான் அந்தச் சொவத்துக்கிட்டயே இருக்கேன். என்னை ஒரு போட்டோ புடிச்சுப் போடுங்க சார். எடத்தையும் எழுதுங்க. அவ பாத்துருவா."

கேமரா தோளில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீடில்லாதவர் படத்துக்குக் கீழே இடத்தை எழுதாதீர்கள். ஆனால் முனியப்பன் கேட்டதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.