வெந்நீர் மலையில் என் மனைவியுடன்

என் மனைவி டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே அவளோடு வேலை செய்யும் மூன்று டேனிஷ் பெண்களும் அவளும் ஒவ்வொரு கோடையும் எங்காவது நடக்கப் போவார்கள். முதுகில் பையும் கூடாரமுமாக நாலைந்து நாள் நடந்து, முகமெல்லாம் கறுத்து, சந்தோஷமாக வீட்டுக்கு வருவாள். எனக்கு அது அவளுடைய உலகம். நான் ஒன்றும் கேட்பதில்லை.

அந்த வருடம் அவர்கள் ஐஸ்லாந்துக்குப் போக ஒழுங்கு செய்திருந்தார்கள். பூமிக்குள்ளிருந்து ஆவியும் வெந்நீரும் வருகிற உள்மலைப் பகுதியில் ஐந்து நாள் நடை. அந்த மூவரில் ஒருத்தியின் தங்கையும் ஐந்தாம் ஆளாகச் சேர இருந்தாள். கடைசி நேரத்தில் அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்துவிட்டது.

"ஒரு இடம் சும்மா கிடக்குது. நீங்கள் வாறியளோ?" என்று மனைவி கேட்டாள். நான் வேலைக்குப் போக வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நானோ? மலையிலோ?"

"ஓம். நடக்கத் தெரியும்தானே."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தொழிற்சாலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஆர்ஹூசில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் டேனிஷில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நல்ல மழைக்காற்சட்டை ஒன்று வாங்கி அனுப்பினாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பாற்கட்டி பொதி செய்யும் தொழிற்சாலையில் எப்போதும் பின்னேர வேலைதான். மனைவி விடிய ஆறு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருவாள். அந்த நேரம் நான் வெளிக்கிடுவேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் அப்படியே கிடந்தது. மாற்ற வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் நடை எனக்கு நன்றாகவே தொடங்கியது. மலைகள் மஞ்சளும் செம்மண்ணும் சாம்பலுமாக இருந்தன. இடைக்கிடை பனித்திட்டுகள். பாதைக்குப் பக்கத்திலேயே கூழ் கொதிப்பது போலச் சேறு கொதித்தது. நிலத்து ஓட்டைகளிலிருந்து ஆவி சீறியது. காற்றில் கூழ்முட்டை நாற்றம். இல்லத்தில் தாதியாக இருக்கும் மூத்த பெண்தான் எங்களுக்கு வழிகாட்டி. பாதை ஓரத்தில் அடித்திருக்கும் மரக்கம்புகளை விட்டு விலகி ஒரு அடியும் வைக்கக் கூடாது என்று அவள் எல்லோருக்கும், முக்கியமாக எனக்கு, இரண்டு தரம் சொன்னாள். மேலே காய்ந்த நிலம் போலத் தெரியுமாம், கீழே கொதிக்குமாம்.

நான் கடைசி ஆளாக நடந்தேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். முன்னால் என் மனைவி கதைத்துக்கொண்டு போனாள், மற்ற மூவரும் நடக்க முடியாமல் நின்று நின்று சிரித்தார்கள். இல்லத்து மேலாளர் கூட்டம் நடத்துவதை அவள் டேனிஷில் அப்படியே நடித்துக் காட்டினாள். குரல், இருமல், மூக்குக் கண்ணாடியைத் தள்ளும் விதம், எல்லாம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வீட்டில் அவள் குறைவாகக் கதைக்கிற, களைத்த ஒரு மனுஷி. இவ்வளவு பகிடிக்காரியை நான் பார்த்ததே இல்லை.

ஒருத்தி என்னைப் பற்றி ஏதோ கேட்டாள். அதற்கு மனைவி சொன்னாள்: "நாங்கள் கல்யாணம் செய்து முப்பது வருடம். இதுவரை மூன்று தரம்தான் சந்தித்திருக்கிறோம். அதில் இரண்டு பிள்ளைகள்."

அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒன்று குத்தியது. அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று, படம் எடுப்பவன் போலத் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து மேட்டுப் பக்கம் திரும்பினேன். இரண்டு அடியோ மூன்று அடியோ. வெள்ளைப் பொருக்கு உடைந்து என் வலது கால் கணுக்காலுக்கு மேலே சேற்றுக்குள் இறங்கியது.

நான் கத்தியது தமிழில். அவள்தான் முதலில் திரும்பினாள்.

காலை இழுத்து எடுத்து, மண்டியிட்டே பாதைக்கு வந்துவிட்டேன். அதற்குள் அவள் முதுகுப்பையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். சப்பாத்தின் நாடாவை அவிழ்க்காமல் கத்தியால் அறுத்தாள். காலுறையைக் கழற்றினாள். கொஞ்சம் கீழே பனி உருகி வரும் ஓடை ஒன்று ஓடியது. தாதியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை அங்கே கொண்டுபோனார்கள். நான் காலைத் தண்ணீரில் வைக்கப் போனேன்.

"வையாதேங்கோ! இது ஐஸ் மாதிரிக் குளிர். தோல் பழுதாப்போகும்."

அதே ஓடையில் சற்றுத் தள்ளி ஒரு வெந்நீர் வாய்க்கால் வந்து கலந்தது. அவள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, மணிக்கட்டைத் தண்ணீரில் வைத்து வைத்துப் பார்த்தபடி நடந்தாள். இங்கே சூடு, இங்கே குளிர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். "இஞ்சை. இதுக்குள்ள விடுங்கோ காலை." முதியவர்களைக் குளிக்க வார்க்க முன்னம் இல்லத்தில் இப்படித்தான் தண்ணீர் பார்ப்பாளாக்கும் என்று நினைத்தேன். வலியிலும் அந்த நினைப்பு வந்தது.

குறைந்தது இருபது நிமிடம் கால் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று தாதி சொல்லிவிட்டு மற்றவர்களிடம் போனாள். மனைவி தண்ணீருக்குள் நின்றபடியே என் குதிக்காலைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"எரியுதோ?"

"எரியுது." தண்ணீரைப் பார்த்தபடி சொன்னேன்: "மூண்டு தரம்தான் சந்திச்சனாங்கள் எண்டு சொன்னனீர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டனீங்களோ?"

"பின்னாலதானே வந்தனான்."

"பகிடிக்குச் சொன்னதப்பா."

"நல்ல பகிடிதான். ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது? நான் வீட்டை வரேக்க நீங்கள் வெளிக்கிட்டு நிப்பியள். சோறு கிடக்கு, கறியைச் சூடாக்குங்கோ, மெஷினுக்குள்ள உடுப்பு கிடக்கு. இதைச் சொல்ல முதலே கதவு சாத்திப்போடும். அதுக்குள்ள எங்க பகிடி விடுறது?"

 அவள் மணிக்கட்டால் மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். முடி ஆவியில் நனைந்திருந்தது. அவள் தலையை எடுக்கவில்லை.

சப்பாத்து தடிப்பானது என்பதால் காயம் பெரிதில்லை. கணுக்காலைச் சுற்றி ஒரு கொப்புளப் பட்டை, அவ்வளவுதான். ஆனால் நடக்க முடியாது. எல்லோரும் திரும்புவோம் என்றார்கள் மூன்று பெண்களும். மனைவி விடவில்லை, தான் மட்டும் என்னோடு நிற்கிறேன் என்றாள். அன்று காலை நாங்கள் புறப்பட்ட மலைக் குடிலுக்கு எங்கள் இருவரையும் மெல்ல மெல்லக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த நாள் அவர்கள் தங்கள் வழியே போனார்கள். குடிலைப் பார்த்துக்கொள்ளும் பெண் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, சாமான் கொண்டுவரும் ஜீப் இரண்டு நாளில் வரும், அதில் கீழே போகலாம் என்றாள்.

அந்த இரண்டு நாளும் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரே நேரத்துக்குப் படுத்தோம், ஒரே நேரத்துக்கு எழும்பினோம். அவள் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்குவாள் என்பதை அங்கேதான் கவனித்தேன். நான் பையில் ஒளித்துக் கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டுக் குடில் அடுப்பில் நூடுல்ஸ் சமைத்தேன். மேலாளரை எனக்காக இன்னொருமுறை நடித்துக் காட்டச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு எழும்பி நின்று முழுக் கூட்டத்தையும் நடத்தினாள். குடில் பெண்ணும் கதவருகில் நின்று சிரித்தாள்.

"நீங்கள் வேலையில எப்பிடி? ஆரோடை கதைப்பியள்?" என்று மனைவி கேட்டாள்.

மெஷின் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காது, அதனால் நான் பாடுவேன் என்றேன். அவள் நம்பவில்லை. பாடிக் காட்டினேன்.

"உண்மையா, ஒருத்தருக்கும் கேக்காமல் இருக்கிறது நல்லது" என்றாள்.

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாளே, பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காதவன் இப்போது ஏன் கேட்கிறாய் என்றான். மனைவியைச் சந்திக்க வேண்டும் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான், ஆனாலும் குறித்துக்கொண்டான். குளிர்காலத்துக்குள் இடம் கிடைத்தது.

முதல் கிழமை சண்டைதான். சின்னக் குசினி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதற்குள் நின்று பழக்கமில்லை. குளிர்சாதனப் பெட்டியை நான் திறக்கும்போது அவள் முழங்கையில் இடிக்கும். கறிவேப்பிலையை எப்போது போடுவது என்பதிலும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் அவள் கரண்டியை நீட்டி, "ஒண்டில் சமையுங்கோ, இல்லாட்டி அங்கால போய் இருங்கோ" என்றாள்.

நான் போகவில்லை. வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி, இல்லத்தில் அன்று காலை நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.