முந்துகிறவளுக்குத் தெரியும் முகம்

கோடை விழாவில் கொடைக்கானல் ஏரியில் பெண்களுக்குப் படகுப் போட்டி உண்டு. எங்கள் கடைத்தெருவைப் பொறுத்தவரை அது எனக்கும் பக்கத்துக் கடை அக்காவுக்கும் நடக்கும் சண்டை. இரண்டு பேரும் விற்பது சாக்லேட். பேச்சுவார்த்தை கிடையாது.

துடுப்பு வலிக்கிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் முந்துகிறவளுக்குப் பின்னால் வருகிறவளின் முகம் நன்றாகத் தெரியும். போன இரண்டு போட்டிகளிலும் அக்கா என் முகத்தை ரசித்துக்கொண்டே ஜெயித்தாள். இந்தத் தடவை அவள் முகம் எனக்குக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சந்தோஷம்.

பாதி ஏரி தாண்டும்போது மூடுபனி இறங்கியது. அவளுடைய துடுப்பு பாசியில் சிக்கியது. எழுந்து நின்று இழுத்தாள். அடுத்த நிமிடம் படகில் ஆளைக் காணோம்.

பின்னால் வந்தவர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கரைக்காரர்களுக்குப் பனியில் ஒன்றும் தெரியாது. பார்த்தவள் நான் ஒருத்திதான். கத்தினேன், மைக்கில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. படகைத் திருப்பினேன். அவளிடம் போகவும் அவளுக்கு முதுகைக் காட்டித்தானே வலிக்க வேண்டும்? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தலை தெரிய வேண்டுமே என்று பயமாக இருந்தது.

கை வீச வசதியாக மிதவைச் சட்டையின் வாரை எல்லோரையும் போல அவளும் தளர்த்தியிருந்தாள். அது மேலேறி மூக்கை மூடியிருந்தது. என் படகின் பக்கவாட்டைப் பிடித்துத் தொங்கினாள். படகு சரிந்தது.

"அக்கா, இங்கன பிடிச்சா ரெண்டு பேரும் கவுந்துருவோம். பின்னாடி வாங்க."

குளிரில் விறைத்துப்போனவளுக்கு அது ஏறவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவள் பார்வையிலேயே அது தெரிந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பின்பக்கம் கொண்டுவந்து, என் மப்ளரால் அவள் மணிக்கட்டைப் படகின் வளையத்தில் கட்டினேன். கிட்டத்துக் கரையைப் பார்த்து வலித்தேன். வழி நெடுக அவள் முகம் எனக்கு எதிரேதான் இருந்தது. கண்ணை மூடும்போதெல்லாம் திட்டித் திட்டித் திறக்க வைத்தேன்.

யாரோ ஜெயித்தார்கள். மறுநாள் மப்ளரைத் துவைத்து என் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷமும் பனி இறங்கியது. அவள் முந்திப் போய்விட்டாள். எனக்கு முன்னால் வெறும் வெள்ளை. பயத்தில் துடுப்பை நிறுத்திவிட்டேன். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நீ பாட்டுக்கு வலி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."