பீட்சாக் கடையில் வந்த கோல்

மகளின் பிறந்தநாளுக்குப் பதுளையில் பீட்சா வாங்கித் தருவதாக வெகுநாளாகச் சொல்லிவந்தேன். அன்று மனைவி செல்வியோடு மூவருமாகப் போனோம். பீட்சா மேசைக்கு வந்த நேரத்தில் என் போனில் தம்பியிடமிருந்து கோல்.

"அண்ணே, பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா போயிட்டாரு."

அவர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அப்படி ஒட்டிய சுவர். வரிசையாக வீடுகள் ஒட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது; பெரியவர்கள் யாரும் சாப்பிட மாட்டோம்.

மகள் முதல் துண்டைக் கடித்துவிட்டாள். சொன்னால் செல்வி அப்போதே எழுந்துவிடுவாள்.

"யாருங்க கோல்ல?" என்றாள்.

"வேலை விஷயம்."

முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நானும் தின்றேன். வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தபடியே இரண்டு துண்டு உள்ளே போய்விட்டது. செல்வி ஒன்றும் எடுக்கவில்லை.

"வயிறு ஒரு மாதிரியா இருக்குங்க. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லி, மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மகள் தூங்கிய பிறகுதான் செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"தெரியுங்க. கடைக்குள்ள வரும்போதே லயத்திலிருந்து எங்க அக்கா எனக்குக் கோல் எடுத்துச் சொல்லிடுச்சு. பாப்பா சந்தோஷமா சாப்பிடட்டும்னு இருந்தேன்."

அவளும்தான் மறைத்தாள். ஆனால் பட்டினி கிடந்து மறைத்தாள்.

மறுநாள் வாய்க்கரிசி போடக் குனிந்தேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் விரலில் சீஸ் வாசம் இருப்பதாகவே பட்டது. அரிசியோடு அந்தக் கை மாமாவின் வாயருகே சற்று நேரம் அப்படியே நின்றது.