சிவப்பு மையில் சுழித்த விகுதி

பழவேற்காட்டைத் தாண்டி, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். தினமும் பொன்னேரியிலிருந்து பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. ஏழாம் வகுப்பில் இருபதுக்குக் கொஞ்சம் மேல் பிள்ளைகள். பேசச் சொன்னால் போதும். காற்று எந்தப் பக்கம் திரும்பியது, யார் படகு மணலில் ஏறியது, நண்டு மாட்டி வலை எங்கே கிழிந்தது என்று மணி அடிக்கிற வரை சொல்வார்கள். அதையே எழுதச் சொன்னால், ‘எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் ஏரி உள்ளது. எனக்கு எங்கள் ஊர் பிடிக்கும்.’ அதோடு பேனா நின்றுவிடும்.

நானும் இரண்டு வருடம் கரும்பலகையில் பத்தியை எழுதிப்போட்டேன். அவர்களும் பார்த்து எழுதினார்கள். கையெழுத்து திருந்தியது, வேறொன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் பகுபத உறுப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘ஓடினான்’ என்பதை ‘ஓடு’, ‘இன்’, ‘ஆன்’ என்று பிரித்து, முதலில் இருப்பது பகுதி, நடுவில் இருக்கும் இடைநிலை காலத்தைக் காட்டும், கடைசி விகுதி ஆளைக் காட்டும் என்றேன். முன்பெஞ்சிலிருந்து ஒரு பையன், “மீனு மாரி டீச்சர். தல, நடுத்துண்டு, வாலு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் விகுதிக்குப் பெயர் வால்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் சேர்ந்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டை அட்டையாக வெட்டினேன். மூன்று பிளாஸ்டிக் டப்பா. ஒன்றில் நடுத்துண்டுகள், ஒன்றில் வால்கள். தலை டப்பாவைக் காலியாக விட்டேன். அவரவர் வீட்டில் தினமும் நடக்கிற ஒரு வேலையை ஆளுக்கொரு அட்டையில் எழுதிவரச் சொன்னேன். வீசு, தள்ளு, அள்ளு, உலுக்கு, கழுவு என்று வந்தன. ஒரே தலைக்கு வாலை மாற்றினால் ஆள் மாறும், நடுத்துண்டை மாற்றினால் காலம் மாறும். நேற்று யார் செய்தது, இன்று யார் செய்கிறார்கள், நாளைக்கு யார் செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் கிடைக்கும். வாக்கியங்களை நடந்த வரிசையில் வைத்தால் பத்தி. முதல் வாரமே ஒருத்தி ‘தள்ளு’ என்ற அட்டையை வைத்து, நைனா படகைத் தள்ளியது, அண்ணன் தள்ளாமல் நின்றது, படகு தானே நகர்ந்தது என்று எட்டு வாக்கியம் எழுதிவிட்டாள்.

கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் கொண்டுவந்த அட்டை ‘தடவு’. அவள் அம்மா ஏரியில் இறங்கி, சேற்றுக்குள் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பறி என்கிற ஓலைக்கூடையில் சேர்க்கிறவர். அந்த மாதம் அந்தப் பெண் பள்ளிக்கு வந்த நாட்களைவிட வராத நாட்கள் அதிகம். நான் எல்லோர் முன்னாலும், “ஸ்கூல்னா உனக்கு வெளையாட்டா? லீவு போட்டியா இல்லையா?” என்று சத்தம் போட்டிருந்தேன். “போட்டேன் டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் எழுதிய பத்தி இது:

‘எங்கள் அம்மா விடியும்போது ஏரியில் இறங்கினார். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. சேற்றில் தடவினோம். இறால் கைக்குள் துள்ளியது. பறியில் போட்டோம். மீண்டும் தடவினோம்.’

பத்தி நன்றாக இருந்தது. ஆனால் ‘ஓம்’ என்று முடிந்த மூன்று இடத்தையும் சிவப்பு மையில் சுழித்து, மேலே ‘ஆர்’ என்று எழுதினேன். அவளைக் கூப்பிட்டேன்.

“அம்மான்னு ஆரம்பிச்சா வால் என்ன வரும்?”

“ஆர் வரும் டீச்சர்.”

“அப்ப ஏன் ஓம் போட்ட?”

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “வாலு தப்புல்ல டீச்சர். நானும் எறங்கினேன். அத்த எழுதாம உட்டுட்டேன். அதான் தப்பு.”

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவுக்கு வரச்சொல்லிக் கேட்டேன்.

“அம்மாக்கு வலது கையில கெளுத்தி முள்ளு குத்திருச்சு டீச்சர். வீங்கிக்கீது. வெரல மடக்க முடில. ஒத்தக் கையால தடவுனா இன்னா கெடைக்கும்? அதான் நானும் கூடப் போறேன்.”

“இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“லீவு போட்டியான்னுதான் டீச்சர் கேட்டீங்க.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து இடது கையால் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த அவள் அம்மா, என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“இன்னா டீச்சர், பொண்ணு எதுனா தப்பு பண்ணிச்சா?”

“இல்லம்மா. நான்தான் விசாரிக்காம திட்டிட்டேன். கையக் காட்டுங்க.”

துணியைப் பிரித்தார். மஞ்சள் பற்றுக்கு அடியில் ஆள்காட்டி விரல் கறுத்து, வீக்கம் மணிக்கட்டு வரை ஏறியிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலியா?”

“போனா ஒரு நா வேல பூடுது டீச்சர். வத்திடும்னு பாத்தேன்.”

“இது தானா வத்தாதும்மா. நாளைக்குக் காலையில நான் வரேன், ரெண்டு பேரும் போலாம்.”

தலைமையாசிரியரிடம் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். விரலுக்குள் முறிந்து நின்ற முள்ளின் நுனியை எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் விரலே போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு வாரம் கையில் தண்ணீர் படக்கூடாது என்றதும்தான் அந்த அம்மா கலங்கினார். விரல் போயிருக்கும் என்றதற்குக்கூட அவர் முகம் மாறவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஆட்டோவில் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் தங்கையும் தடவுகிறவர்தான். இரண்டு வாரமும் தங்கை இறங்கட்டும், இவர் கரையில் இருந்து பறியை வாங்கி இறாலைப் பிரித்து விற்றுத்தரட்டும், கிடைப்பதை இருவரும் எடுத்துக்கொள்ளட்டும். பெண் பள்ளிக்கு வரவேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். முழுசாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டொரு நாள் அவள் சித்தியோடு இறங்கிவிட்டு, ஈரத்தலையோடு இரண்டாம் பீரியடுக்கு வந்தாள். எதுவும் கேட்காமல் உட்காரச் சொன்னேன்.

நோட்டைத் திரும்ப வாங்கி நான் போட்ட மூன்று சுழிகளையும் அடித்தேன். ‘தண்ணீர் இடுப்பு வரை இருந்தது’ என்பதற்கு முன்னால் ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். அவள் அங்கே, ‘அம்மாவின் கையில் முள் குத்தியதால் நானும் இறங்கினேன்’ என்று நுணுக்கி எழுதினாள். ‘இறங்கினேன்’ என்பதன் வாலையும் நடுத்துண்டையும் அவளே கரும்பலகையில் பிரித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு யார் நோட்டிலாவது ஆள் மாறி விகுதி வந்தால், பேனாவை எடுக்காமல் “இது யாரு?” என்று முதலில் கேட்கப் பழகிக்கொண்டேன். பாதி நேரம் அது பிழையாகத்தான் இருக்கும். மீதி நேரம், எழுதாமல் விட்ட யாரோ ஒருவர் வெளியே வருவார்.

பரீட்சைக்கு முன்னால் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். விரல் ஆறி, நகம் மட்டும் கோணலாக வளர்ந்திருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பெண்ணையே பத்தியைப் படிக்கச் சொன்னேன். அவள் கூச்சத்தோடு வேகமாகப் படித்து முடித்தாள்.

“அப்புறம்?” என்றார் அம்மா.

“அவ்ளோதாம்மா.”

“இன்னாடி அவ்ளோதான்? கரையேறி வந்தோமே. சித்தி வூட்ல சூடா கஞ்சி ஊத்துச்சே. நீ குந்தினே தூங்கினியே. அத்தயெல்லாம் எழுதலியா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை நீட்டினேன். வராந்தா படியில் உட்கார்ந்து நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். அம்மா பக்கத்தில் குனிந்து நின்று, அடுத்து நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.